என் மகளின் படகில் நான் ஒட்டியது

1

சென்ற மாதம் கல்முனையிலிருந்து என் மச்சான் இஸ்மாயில் கடிதம் எழுதியிருந்தார். இஸ்மாயில் என் மனைவி சுலைஹாவின் தம்பி. வயல், மழை, பிள்ளைகளின் சோதனை எல்லாவற்றையும் எழுதி முடித்தபின், இடமில்லாமல் தாளின் ஓரத்தில் நெருக்கி நாலு வரி எழுதியிருந்தார். ஒரு கல்யாண வீட்டில், ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் கேட்டாராம்: "உங்கட ராத்தாட மகள் அங்க வள்ளப் போட்டியில களவு செஞ்சி பிடிபட்டவவாமே, மெய்யா?"

"நான் என்னத்தச் சொல்ல மச்சான்? சோத்த முழுங்கிட்டு எழும்பி வந்துட்டன்" என்று இஸ்மாயில் முடித்திருந்தார்.

சுவீடனுக்கு வந்த நாளிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒரு கொப்பி. கடிதத்தைப் படித்த அன்றே 1985ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். திறக்க ஒன்பது நாள் சென்றது. அதில் உள்ளதையே இங்கே எழுதுகிறேன். ஊரில் யார் கேட்டாலும் இதைக் காட்டலாம்.

என் மகள் ஜெஸீலாவின் படகில் இருக்கக் கூடாத பொருள் இருந்தது உண்மை. அதற்காக அவள் வென்ற போட்டி அவளிடமிருந்து பறிக்கப்பட்டதும் உண்மை. அந்தப் பொருளை அங்கே ஒட்டியவன் நான். அது அங்கே இருந்தது அவளுக்குத் தெரியாது.

2

படகு என்றதும் ஊரில் எல்லோரும் தோணியை நினைக்கிறார்கள். இதன் பெயர் கயாக். ஒருவர் கால்களை முன்னே நீட்டி உட்காரும் அளவுதான். நீளம் ஐந்து மீற்றரும் இருபது சென்ரிமீற்றரும். மிக அகன்ற இடத்தில் அகலம் ஐம்பத்தொரு சென்ரிமீற்றர். அடிப்பக்கம் உருண்டை. துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும்வரை நிமிர்ந்து நிற்கும், நிறுத்தினால் சாயப் பார்க்கும். பெண்களுக்கு ஐந்நூறு மீற்றர் ஓட்டம், நேர்கோட்டில், ஒன்பது படகுகள் பக்கம் பக்கமாக. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காகப் பதினொரு மாதம் உடம்பை வருத்துவார்கள். இவ்வளவு ஒடுங்கிய படகில் போகிறவர்கள் மிதவைச் சட்டையும் அணிவதில்லை. கை வீச்சுக்கு அது இடைஞ்சலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கான படகு பன்னிரண்டு கிலோவுக்குக் குறையக் கூடாது. மரம் இலேசாக அமைந்துவிட்டால் சிறு ஈயத் துண்டுகளைத் திருகாணி போட்டு உள்ளே பூட்டி எடையைச் சரிக்கட்டுவார்கள். பூட்டாத பொருள் எதுவும் படகின் எடையில் சேராது. நடுத் தண்ணீரில் அதை எடுத்து எறிந்துவிட்டு இலேசான படகில் போகலாம் அல்லவா? முதல் பாதி எனக்குத் தெரிந்திருந்தது. பின் பாதியை நான் அறிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

1978 கோடையில், பன்னிரண்டு வயதில், ஜெஸீலா பாடசாலைத் தோழிகளோடு ஏரிக்கரைப் படகுக் கழகத்தில் சேர்ந்தாள். பயிற்சியாளர் பிரித்தா என்ற பெண், பகலில் தபால் பகிர்பவர். யூன் தொடங்கி ஓகஸ்ட் முடிய ஜெஸீலா நாற்பத்தொரு தடவை தண்ணீருக்குள் விழுந்தாள். கரையில் நின்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் குறித்தேன். ஒவ்வொரு தடவையும் தலை மேலே வரும்வரை நான் மூச்சு விடவில்லை. நாற்பத்தொன்றுக்குப் பிறகு அவள் விழவில்லை. எனக்கு அதற்குப் பிறகும் அதே பயம்தான்.

3

நான் கடலுக்கு முந்நூறு யார் தூரத்தில் பிறந்தவன். எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் வாப்பா வயல்காரர். கடல் பின்னேரத்தில் காற்று வாங்கப் போகும் இடம் மட்டுமே. எங்களுக்கு வயல் நாவிதன்வெளிப் பக்கம். மாரியில் கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்ந்த பாதைக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் தோணியில்தான் கடக்க வேண்டும். எனக்கு இருபது வயதாக இருந்தபோது அப்படி ஒரு நாள் மூத்த சகோதரரான என் காக்கா விதைநெல் மூட்டைகளோடு தோணியில் போனார். நான் அடுத்த தடவைக்காகக் கரையில் நின்றேன். நடு ஓட்டத்தில் தோணி புரண்டது. தோணிக்காரருக்கு நீச்சல் அவ்வளவு தெரியாது. அவர் கம்பைப் பிடித்துக் கரை சேர்ந்தார். காக்கா வாவியை நீந்திக் கடந்து திரும்பக்கூடியவர். அவர் வரவில்லை. இரண்டாம் நாள் ஆற்றுவாழைச் செடிகளுக்குள் ஜனாஸாவைக் கண்டெடுத்தார்கள்.

"புள்ளக்கு நல்லா நீந்தத் தெரியும், என்னத்துக்குப் பயப்படுறீங்க?" என்று சுலைஹா கேட்பாள். நீந்தத் தெரிந்தவர் என் கண்முன்னால் போனதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஜெஸீலா கழகத்தில் சேர்ந்த அதே ஆண்டு நவம்பரில் ஊரில் சூறாவளி. பத்தொன்பது நாள் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. பிறகு தந்தி வந்தது: எல்லோரும் உயிரோடு, கூரை இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் வேலை முடிந்ததும் நான் ஏரிக்கரைக்குப் போய் நின்றேன். ஊரில் உள்ளவர்களை நான் பார்க்க முடியாது. இவளையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

4

அவள் வளர்ந்த விதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். பதினாலு வயதில் ஐந்நூறு மீற்றருக்கு இரண்டு நிமிடம் இருபத்தாறு செக்கன். பதினாறில் இரண்டு நிமிடம் பதினொன்று. அந்த ஆண்டு கனிஷ்ட வயதுப் பிரிவில் நாட்டில் முதலிடம். பதினெட்டில் மூத்த பெண்களோடு கழகத்தின் நால்வர் படகில் அயல்நாடுகளுக்குப் போனாள். மாரியில் ஏரி உறைந்துவிடும். அப்போது பனிச்சறுக்கல், பாரம் தூக்கல், ஒரு மண்டபத்துக்குள் சிமெந்துத் தொட்டியில் உட்கார்ந்த இடத்திலேயே துடுப்புப் போடல். உள்ளங்கைத் தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரியும். சுலைஹா தேங்காய் எண்ணெய் பூசிவிடுவாள். அந்த வாசனையோடு கழகத்துக்குப் போவதற்கு ஒரு காலம் வெட்கப்பட்டாள். பிறகு மற்றப் பெண்களும் கேட்டு வாங்கிப் பூசினார்கள்.

இங்கே விண்ணப்பத் தாள்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? வந்த புதிதில் நான் என் வாப்பாவின் பெயரை எழுதினேன். அது அப்படியே மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. நாவிதன்வெளிக்கு அப்பால் அதிகம் போயிராத மனிதரின் பெயரை இங்கே ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள்: "நாலாம் பாதை, மீராலெப்பை!" முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு புல்லரித்தது, பெருமையால் மட்டும் அல்ல.

துடுப்பு வீச்சுகளை அவள் சுவீடிஷில் எண்ணுவாள். ஒரு நாள் சொன்னேன்: "தமிழ்ல எண்ணினா என்ன மகள்?"

"தமிழ்ல எண்ணினா நான் கடைசியாத்தான் வருவன் வாப்பா. 'இருபத்தியெட்டு' எண்டு சொல்லி முடியக்குள்ள பக்கத்துப் படகு வீட்ட போயிரும்."

சுலைஹா அடுப்படியில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று கொப்பியில் எழுதிய வரி: "மகள் இப்போது கனவும் சுவீடிஷில் காண்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை."

5

1985இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. மே மாதத்தில் ஒரு தெரிவுப் போட்டி. அதில் முதலாவதாக வருகிறவர் அந்தக் கோடை உலகப் போட்டியில் ஒற்றைப் படகில் இந்த நாட்டுக்காகப் போவார். ஒரே ஓர் இடம். அதற்குக் குடியுரிமை வேண்டும். எங்கள் குடும்பத்தின் விண்ணப்பம் அலுவலகத்தில் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் யூன் மாதம் முடிவு வரும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். 'எல்லாம் சரியாக இருந்தால்' என்பதை நான் கொப்பியில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அந்தச் சித்திரையில் ஊரில் தமிழருக்கும் நமக்கும் இடையில் மூண்ட கலவரத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கும் தமிழர் ஊரான பாண்டிருப்புக்கும் இடையில் சந்தைக்குப் போகிற தெருதான். அந்தத் தெருவில் நடக்கவே ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று வானொலி சொன்னது. தொலைபேசி கிடைக்கவில்லை. சுலைஹா அதன் பக்கத்திலேயே தொழுதாள், பக்கத்திலேயே சாப்பிட்டாள். அதே கிழமை இங்கே ஏரியில் பனி உடைந்து படகுகள் இறங்கின. இன்னொரு கழகத்துப் பெண் ஒருத்தி பயிற்சியில் கவிழ்ந்து, ஐந்து பாகைக் குளிர் நீரில் மூச்சு அடைத்து, நினைவில்லாமல் தூக்கப்பட்டாள். பிழைத்துவிட்டாள். "குளிர்ல நெஞ்சு இறுகிப் போகும் வாப்பா, நீந்தத் தெரிஞ்சாலும் கை வராது" என்று ஜெஸீலா சாதாரணமாகச் சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டே பாணுக்கு வெண்ணெய் பூசினாள்.

பத்து நாள் கழித்து இஸ்மாயிலின் பொதி வந்தது. சுங்கத்தில் போய் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஓர் ஈயக்குழாய், மெழுகுத்துணி சுற்றித் தைத்தது. குழாய்க்குள் செப்புத் தகட்டில் ஆபத்து வராமல் காக்க எழுதிய இசிம். நம் கரையில் சில மீன்பிடிக்காரர் தோணியின் முன்முனையில், அணியத்தில், வைப்பது போன்றது. இசிம் கட்டுவது கூடுமா கூடாதா என்று இப்போது ஊரில் பெரிய வாதம் என்று அறிகிறேன்; அதற்குள் நான் போகவில்லை. இஸ்மாயில் எழுதியிருந்தார்:

"எங்கள நினைச்சிக் கவலப்படாதீங்க மச்சான். புள்ள தண்ணியில இரிக்கிறா எண்டு ராத்தா எழுதியிருந்தா. இத வள்ளத்துட அணியத்துல வைங்க. ஆளுட கழுத்துல கட்டினா கழண்டு போகும். வள்ளத்துல வச்சா வள்ளம் பாத்துக்கும்."

வெளியில் இறங்கவே பயமான அந்த நாட்களில் அவர் இதற்காக எங்கெல்லாம் போயிருப்பார் என்று நினைத்தேன். சுங்க அலுவலர் தராசில் வைத்து, தாளில் எடையை எழுதினார்: எழுபது கிராம். உள்ளே என்ன என்று கேட்டார். "சமயப் பொருள்" என்றேன். "உலோகமா?" என்று கேட்டு, ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டார்.

ஜெஸீலா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "மாமாக்கு நான் கடிதம் எழுதுறன். ஆனா படகுல வைக்க ஏலா வாப்பா."

"சின்னச் சாமான்தானே மகள்" என்றாள் சுலைஹா.

"உம்மா, நான் கைமணிக்கூட்டையே கழட்டிட்டுப் போறன். தலைமயிரையும் வெட்டுவமா எண்டு யோசிக்கிறன். நீங்க ஈயத்தத் தூக்கிட்டு வாறீங்க!"

"அதுக்குள்ள இரிக்கிறது ஈயமில்ல, கா."

"தெரியும் உம்மா. அலுமாரியில வைங்க. இஞ்ச இருந்தாலும் அல்லாஹ்க்கு விளங்கும்."

அலுமாரியில் வைத்தோம். போட்டி நாள் காலை அதை எடுத்து நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சுலைஹாவிடம் சொல்லவில்லை.

6

படகுக் கொட்டகைக்கு நான்தான் முதலில் போனேன். ஜெஸீலா உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தாள். பிரித்தா பதிவு மேசையில். படகின் முன்பக்க மூடிக்குக் கீழே, கை எட்டும் கடைசி இடத்தை, துணியால் மூன்று தடவை துடைத்து உலர்த்தினேன். நீர் புகாத நாடாவை அளந்து வெட்டி, குழாயை வைத்து, குறுக்காக மூன்று மடிப்பு ஒட்டினேன். பிஸ்மி சொன்னேன். அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

பத்து நிமிடத்தில் பிரித்தா வந்து படகைத் தராசில் வைத்தார். எப்போதும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருபது கிராம் மட்டும் விட்டு வைப்பது அவருடைய வழக்கம். தராசு பன்னிரண்டு கிலோவும் தொண்ணூறு கிராமும் காட்டியது. பிரித்தா புருவத்தைச் சுருக்கினார்.

"இரவு மழையில் மரம் ஈரம் குடித்திருக்கிறது" என்றார். "எழுபது கிராம்!"

ஆசனத்துக்குக் கீழே திருகாணியைக் கழற்றி, எழுபது கிராம் ஈயத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார். "ஐந்நூறு மீற்றரில் இது ஒரு விரல் நீளம். சில நேரம் ஒரு விரல் நீளம்தான் வித்தியாசம்" என்று என்னிடம் காட்டிவிட்டுத் தன் பையில் போட்டார். மறுபடி தராசு: பன்னிரண்டு கிலோவும் இருபது கிராமும்.

இந்த இடத்தை நான் மழுப்பாமல் எழுத வேண்டும். எழுபது கிராம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சுங்கத் தாளின் பிரதி என் கோவையில் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரித்தா சிரித்துக்கொண்டே குழாயைப் பிடுங்கி, ஈயத்தைத் திரும்பப் பூட்டியிருப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் மகள் கோபிப்பாள், இசிம் இல்லாமல் தண்ணீரில் இறங்குவாள். சொல்லாவிட்டாலும் மொத்தம் சரியாகத்தானே இருக்கிறது என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் வரைபட அலுவலகங்களில் வேலை செய்தவன். கூட்டல் சரியாக இருந்தால் நான் நிம்மதியாகிவிடுவேன்.

7

நீரின் வெப்பம் ஆறு பாகை. அவள் ஐந்தாம் பாதை. தொடக்கத்தில் நாலாவதாக இருந்தாள். இருநூற்றைம்பது மீற்றரில் மூன்றாவது. கடைசி நூறு மீற்றரில் அவளுடைய துடுப்பு மற்றவர்களுடையதைவிட அடிக்கடி விழுந்தது. படகு உதறிக்கொண்டே வந்தது. செக்கனில் பத்தில் மூன்று பங்கு வித்தியாசத்தில் முதலாவதாக வந்தாள். ஒலிபெருக்கி என் வாப்பாவின் பெயரைச் சொன்னது. சுலைஹா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "வெண்டுட்டா! இஞ்சேருங்க, வெண்டுட்டா!"

முதல் மூன்று படகுகளையும் எடையும் அளவும் சோதிக்கும் கட்டுப்பாட்டுக் கூடாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீரர்கள் தாங்களே தூக்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் கயிற்றுக்கு இப்பால். ஒரு முதிய அலுவலர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, உள்ளே இருந்த தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். பிறகு கையை முன்பக்க மூடிக்குக் கீழே விட்டார். கை அங்கேயே நின்றது. நாடா உரியும் சத்தம் பத்து மீற்றருக்கு இப்பால் எனக்குக் கேட்டது.

குழாயை மேசையில் வைத்தார். படகைத் தராசில் வைத்தார். பதினொரு கிலோவும் தொள்ளாயிரத்து ஐம்பது கிராமும்.

"இது யாருடையது?"

ஜெஸீலா குழாயைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கயிற்றுக்கு இப்பால் நின்ற என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அலுவலரிடம் திரும்பி, "என்னுடையது" என்றாள்.

8

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். ஐந்தாம் பாதை விலக்கப்பட்டது, காரணம் பூட்டப்படாத பாரம். ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை அந்த ஒரு வரிதான். ஆட்சேபம் இருந்தால் இருபது நிமிடத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிரித்தா முகம் வெளுத்து ஓடி வந்தார். வேண்டுமென்றே செய்ததாக நடுவர்கள் முடிவு செய்தால் இரண்டு ஆண்டுத் தடை வரும், அத்தோடு இவளுடைய காலம் முடிந்தது என்றார். "அவள் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறாள். எனக்குப் புரியவில்லை."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் அங்கேயே நின்றேன். அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் பயந்தவற்றை அன்று மாலை கொப்பியில் எழுதி வைத்தேன். இந்த விடயம் குடியுரிமை அலுவலகத்துக்குப் போகும், எல்லாம் சரியாக இல்லை என்றாகிவிடும் என்று பயந்தேன். பொலிஸ் வரும் என்றும், என் அலுவலகத்தில் தெரியவரும் என்றும் பயந்தேன். ஊரில் இப்படி இருக்கும்போது எங்களைத் திருப்பி அனுப்பினால் எங்கே போவது என்று பயந்தேன். மகளின் இரண்டு ஆண்டுகள் அந்த வரிசையில் ஐந்தாவதாகத்தான் இருக்கின்றன. நான் எழுதியபடியே அவை இருக்கின்றன, வரிசையை மாற்றவில்லை.

சுலைஹா என் கையைப் பிடித்தாள். "அந்த மேசையில இரிக்கிறது... நீங்களா?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு இஞ்ச நிக்கிறீங்க? மரம் மாதிரி! போங்க!"

"எனக்கு அவங்கட மொழியில இதச் சொல்லத் தெரியா புள்ள."

"தெரிஞ்ச மொழியில சொல்லுங்க. முதல்ல போங்க!"

நடுவர்கள் மூன்று பேர், கழகத்தின் தேநீர் அறையில் இருந்தார்கள். தலைவர் நரைத்த முடி உடைய பெண். மேசையில் மெழுகுத்துணியை வெட்டி, குழாயைப் பிரித்து, தகட்டை விரித்து, நாலு மூலைக்கும் தேநீர்க் கோப்பைகளை வைத்து அழுத்தியிருந்தார்கள். அந்த எழுத்துகள் அப்படி வெளிச்சத்தில் கிடந்தன. நான் ஒட்டினேன், மகளுக்குத் தெரியாது என்றேன்.

"எதற்காக?"

எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம். "அவள் சாகாமல் இருக்க" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். "ஏன் திருகாணி போட்டுப் பூட்டவில்லை?"

"பூட்டினால் மகள் கண்டுபிடிப்பாள்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "காலையில் பயிற்சியாளர் ஈயத்தை வெளியே எடுத்தபோது, ஏன் எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பிரித்தாவுக்குக்கூட நான் அறிந்திருந்தது தெரியாது.

"தெரியும்" என்றேன்.

"ஏன் சொல்லவில்லை?"

"மொத்தம் சரியாக இருந்தது."

ஓரத்தில் இருந்த இளைஞர் சிரிப்பை அடக்கக் குனிந்தார். தலைவர் சிரிக்கவில்லை. முடிவை எழுதி எனக்கு வாசித்தும் காட்டினார். ஏமாற்றும் நோக்கம் இல்லை, தடை இல்லை, பொய் சொன்னதற்காக வீராங்கனைக்கு எச்சரிக்கை, படகு ஐம்பது கிராம் குறைவு, எனவே விலக்கல் நிற்கும். இரண்டாவதாக வந்த பெண் உலகப் போட்டிக்குப் போனாள்.

9

வீடு திரும்பும்போது நான் காரை ஓட்டினேன். தகட்டை ஓர் அலுவலக உறையில் போட்டுத் தந்திருந்தார்கள். சுலைஹா அதை மடியில் வைத்திருந்தாள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏன் மகள் உன்ட சாமான் எண்டு சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல உம்மா? வாப்பாட எண்டு சொல்லி, எல்லாரும் திரும்பி வாப்பாவப் பாக்கவா?"

"ரெண்டு வருசம் போயிருக்கும்."

"தெரியும்."

நான் பாதையைப் பார்த்தபடி, "மகள், மன்னிச்சிக்க" என்றேன்.

"பிரித்தா ஈயத்தக் கழட்டக்குள்ள நீங்க பக்கத்துல நிண்டீங்கதானே?"

"ஓம்."

"எழுபது கிராம் எண்டு அவ சொன்னது கேட்டிச்சா?"

"கேட்டிச்சி."

"நீங்க ஒட்டினதுக்கு எனக்குக் கோவமில்ல வாப்பா. ஒட்டுவீங்கதான். அந்த நேரம் வாயத் திறக்காமப் பாத்துக்கொண்டு நிண்டீங்களே, அதுதான்."

"நீ கோவிப்பா எண்டு பயந்திட்டன்."

"தண்ணிக்குப் பயம், பனிக்குப் பயம், குடியுரிமைக் கந்தோருக்குப் பயம். இப்ப எனக்கும் பயமா?" என்றாள். அதற்குப் பிறகு சுவீடிஷில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். எனக்கு விளங்கியது. அதை எழுதவில்லை.

யூனில் குடியுரிமைக் கடிதம் வந்தது. மூன்று பெயரும் சரியாக இருந்தன. போட்டியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. செப்டெம்பரில் அவள் கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். பயிற்சிக்கு வசதி என்றாள். அதற்கு நாங்கள் என்ன சொல்ல முடியும்? அந்த மாரி முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்து சாப்பிட்டாள். என்னோடு வானிலை பற்றிக் கதைத்தாள்.

10

அவளுடைய மிச்சக் காலத்தையும் ஊர் அறிய வேண்டும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஒற்றைப் படகில் இந்த நாட்டுக்காகப் போனாள். உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் ஒரு தடவை ஏழாமிடம். நால்வர் படகில் ஒரு வெண்கலம். துடுப்பின் இலை அகப்பை போல் குழிந்த புதிய வகைக்கு மாறியபோது எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து பழகினாள். சென்ற ஆண்டு தோள்மூட்டு தேய்ந்து, தானாகவே நிறுத்திக்கொண்டாள். இப்போது மருந்தாளர் படிப்பு. இவ்வளவு காலத்திலும் அவளுடைய எந்தப் படகும் வேறு எந்தத் தராசிலும் குறையவில்லை.

1986 மே மாதம், மறுபடி தெரிவுப் போட்டி. காலையில் தொலைபேசி அடித்தது.

"வாப்பா, படகு தூக்க ஒராள் வேணும். வாறீங்களா?"

போனேன். ஒரு முனையை அவளும் மறு முனையை நானும் தூக்கி, படகு இறக்கும் மேடைக்குக் கொண்டுபோனோம். பிரித்தா எடை பார்த்துவிட்டு எட்டத்தில் போய் நின்றார். ஜெஸீலா ஏறி உட்காரவில்லை.

"கைய உள்ளுக்க விடுங்க" என்றாள்.

"என்னத்துக்கு மகள்?"

"விட்டுப் பாத்துச் சொல்லுங்க. இனி ஒவ்வொரு தடவையும் நீங்கதான் பாக்கணும். நீங்க சொன்னாத்தான் ஏறுவன்."

நான் முழங்காலில் இருந்து, முன்பக்க மூடிக்குக் கீழே கையை விட்டேன். தோள்வரை போனது. மரம் குளிர்ந்து வழுவழுவென்று இருந்தது. மேலே, கீழே, இரு பக்கமும், அணியத்தின் ஒடுக்கம் வரை விரலால் தடவினேன்.

"ஒண்டுமில்ல" என்றேன்.

"சரியாப் பாத்தீங்களா?"

"ஓம் மகள். கடைசி மட்டும் பாத்தன். வெறும் வள்ளம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் படகின் விளிம்பைப் பிடித்திருந்தேன். நீர் ஐந்து பாகை. பிடியை விட எனக்கு மனம் வரவில்லை.

"பயமா வாப்பா?"

"ஓம்."

"அத நீங்களே வச்சிக்கோங்க" என்று சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துடுப்பால் மேடையை உந்தித் தள்ளிக்கொண்டு போனாள்.

வைத்துக்கொண்டேன். அன்று ஓட்டம் முடிந்து கூடாரத்தில் எடை பார்த்தபோது, படகு பன்னிரண்டு கிலோவும் இருபது கிராமும்.